இரண்டு மரக்கால்

கட்டிலில் தொடங்கினோம்.
வாசல் குறுகல். ரெகூம் இழுத்துப் பார்த்துத் திணறினான்,
தோள்பட்டையைச் சிராய்த்துக்கொண்டான்.
கால்களைக் கழற்றாமல் வராது.
நான் குனிந்து, தேடாமலே,
நாலு முளைகளையும் தட்டிவிட்டேன்.

ஆளுநர் முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்,
சூசாவிலிருந்து வந்த புழுதி இன்னும் மேலங்கியில்.
பிறகு மெத்தை, செம்புக் கண்ணாடி,
எலும்பில் செதுக்கிய ஆட்டக் காய்கள்,
பாதி தின்ற அத்திப்பழ அடை.
நளத தைல ஜாடி கல்தளத்தில் விழுந்து உடைந்தது.
எருசலேம் முழுக்க அன்றைக்கு
யோர்தானுக்கு அப்பாலிருந்து வந்த பணக்காரனின்
படுக்கை மணத்தது.

போன வருஷம், அறுப்புக்கு முன்னே,
இதே கட்டிலை இதே வாசலில்
உள்ளே ஏற்றியவன் நான்.
கூலி இரண்டு மரக்கால் வாற்கோதுமை.

தசமபாகம் வரவில்லை. ஒரு மாதம், பிறகு மூன்று.
பாடுகிறவர்கள் சுரமண்டலங்களைத் துணியில் சுற்றிவிட்டு
கலப்பை பிடிக்கப் போனார்கள்.
நாராளுக்கு அப்போது எட்டாம் மாதம்.
அறையிலிருந்த சாம்பிராணியும் தானியமும்
எங்கே போயின என்று ஒருவரும் கேட்கவில்லை.
சும்மாதானே கிடக்கிறது என்றார் ஆசாரியர்.
சும்மாதான் கிடந்தது.
அந்தச் சொல்லுக்குள் புகுந்துதான்
கட்டில் வந்தது.

கழுவச் சொன்னார்கள்.
தண்ணீர், மறுபடி தண்ணீர், ஈசோப்புத் தழை.
ரெகூம் சுவரில் ஒரு துளையைக் காட்டினான்:
"இதில் என்ன மாட்டியிருந்தான்?"
கண்ணாடி.
ஆணி அடித்தது என் கை.
சொல்லவில்லை.
அவனே சுண்ணாம்பு குழைத்து வந்து அடைத்தான்,
உள்ளங்கையால் தேய்த்தான்.

சாயங்காலம் மூட்டைகள் திரும்பி வந்தன.
தானியம், புதுத் திராட்சரசம், எண்ணெய்.
என் பங்கை அளந்து போட்டார்கள்.
இரண்டு மரக்கால்.
மடியில் வாங்கிக்கொண்டு
அந்தச் சுவரையே பார்த்து நின்றேன்.
ஈரச் சுண்ணாம்பு அங்கே மட்டும் வேறு நிறம்.
காய்ந்தால் ஒன்றாகிவிடும் என்கிறான் ரெகூம்.

இன்றிரவு காவல் என்னுடையது.
இருட்டில் நிலைக்காலைத் தொட்டுப் பார்க்கிறேன்.
குறுகல்தான்.
கால்களைக் கழற்றத் தெரிந்தவனுக்கு
அவ்வளவு குறுகல் இல்லை.