கட் பீஸ்

எம்.சி. ரோட்டில் பதினொரு மணிக்கே
தார் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
கடைக்குள் ஏசி உண்டு,
கல்லாவுக்கு மேலே மட்டும்.

"வேர்க்காத துணியா காட்டும்மா."
கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறார்.
மகன் டேங்கர் லாரியில் கிளீனர்,
எண்ணூர் ரோட்டில் வரிசையில் நின்றால் அரைநாள்,
முதுகெல்லாம் வேர்க்குரு.
போன வருஷம் பிளாட்பாரத்தில்
ஐந்நூறுக்கு மூன்று சட்டை,
பளபளவென்று இருந்ததாம்.

வேர்க்காத துணி எந்த மில்லிலும் நெய்வதில்லை.
வேர்வையைக் குடிக்கிற துணி இருக்கிறது.
அதைச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை,
இரண்டு தானைப் பிரித்துப் போட்டு
"ஊதுங்க" என்றேன்.
துணிக்கு அந்தப் பக்கம் அவர் வாய்,
இந்தப் பக்கம் என் உள்ளங்கை.
பளபளப்பில் ஒன்றும் வரவில்லை.
பருத்தியில் வந்தது,
இளஞ்சூடாய், வெற்றிலை வாசனையோடு.

"சுருங்குமா?"
"ரெண்டு விரக்கடை. ஒரு ராத்திரி தண்ணியில போட்டுட்டு
அப்புறம் தைக்கக் குடுங்க."
"கசங்கும் இல்ல?"
"கசங்கும்."
வெயிலுக்கு வெள்ளைதான்,
கிரீஸுக்கு வெள்ளை ஆகாது.
சாம்பல் நிறத்தில் வந்து நின்றோம்.
சந்தேகம் தீர ஒரு நூலை உருவி
முடிச்சிட்டுக்கொண்டார் முந்தானையில்:
வீட்டில் கொளுத்திப் பார்ப்பாராம்.
காகிதமாய்ச் சாம்பலானால் சரி,
உருகி மணியாய் நின்றால்
நாளைக்கே திரும்ப வருவாராம்.

பில் போடும்போது என் புடவையைப் பார்த்தார்.
ஒயின் கலர், ஜரிகை மாதிரி ஒரு கரை.
"நீ ஏம்மா இதைக் கட்டிக்கினு நிக்கிற?"

யூனிஃபார்ம்.
ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை
ஒரு மடிப்பு கலையாது.
அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் தனி.

கல்லாப் பக்கம் முதுகைக் காட்டி நின்று
ரவிக்கைக் கழுத்தை ஒரு விரலால் விலக்கினேன்.
உள்ளே மல்மல்.
கிலோ கணக்கில் போடும் கட் பீஸில் பொறுக்கியது,
நாலு துண்டு ஒட்டுப்போட்டது,
முதுகில் மட்டும் மஞ்சள் பூ,
அது யாருக்குத் தெரியப்போகிறது.

தொட்டுப் பார்த்தார்.
பிறகு சட்டென்று குனிந்து
என் தோளில், புடவைக்கு மேல்
ஃபூ என்று ஊதினார்.
"வந்துச்சா?"
"வரலம்மா."
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"செராபினா, அங்க என்ன பேச்சு,
நைட்டி செக்‌ஷன்ல ஆள் நிக்குது பாரு."

பையை இடுக்கிக்கொண்டு அவர் படியிறங்க,
கண்ணாடிக் கதவு திறந்த அந்த ஒரு நொடி
தெரு முழுக்க உள்ளே வந்து போனது.