நகரும் பை

அந்த வருடம் எங்கள் மாசசூசெட்ஸ் ஊரில்
இரண்டாம் பேஸ் என்பது ஒரு கோணிப்பை.
உள்ளே மரத்தூள், கொஞ்சம் ஈரம்,
ஒரு தடவை ஒரு சுண்டெலி.

அங்கிருந்து மூன்றாம் பேஸுக்குத் தொண்ணூறு அடி.
எனக்கு மட்டும் எண்பத்தெட்டு.
சறுக்கி வரும்போதே குதிகாலால் ஒரு தள்ளு;
அழைக்காத விருந்துக்குப் போகிறவன் போல
பை மெல்ல நகரும்,
நானும் கூடவே.
அம்பயர் டிராஸ்கட் சாராயக்கடைக்காரர்,
அளவெல்லாம் அவருக்குக் குத்துமதிப்புதான்.

கண்டுகொண்டவன் ஏனோஸ் பிக்ஃபோர்ட்.
மட்டையெடுப்பதில் ஒன்பதாவது ஆள்,
பத்தாவது இடம் இல்லாததால்.
மற்ற நாட்களில் குதிரைச் சேணம் தைப்பான்.
அவன் என்னைத் திட்டவில்லை.
என் காலைப் பார்க்கவே இல்லை.
பையைப் பார்த்தான்.
"அவிழ்த்துவிட்ட குதிரை," என்றான்,
"போகத்தான் செய்யும்."

அடுத்த சனிக்கிழமை
ஓக் முளை ஒன்று மண்ணுக்குள் இறங்கியிருந்தது.
பையைச் சுற்றி ஒரு வார்,
கோவேறு கழுதையின் வயிற்றுவாருக்கு வெட்டியதில் மிஞ்சிய தோல்,
பித்தளைக் கொக்கி.
"தண்ணி காட்டினாயா ஏனோஸ்?" என்றோம்.
கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள்,
குதிரையைவிட நன்றாக.

முதல் இன்னிங்ஸிலேயே ஓடினேன்.
சறுக்கினேன்.
பழக்க தோஷம், தள்ளினேன்.
பை அசையவில்லை.
அசைந்தது என் கணுக்கால்.
அந்தச் சத்தம் ஆற்றங்கரை மில் வரை கேட்டதாம்.
மில் ஓடிக்கொண்டிருந்தது, நான் நம்பவில்லை.

வண்டியில் என்னை ஏற்றும்போது
வாயில் பென்சிலோடு வந்து நின்றான்.
மன்னிப்புக் கேட்பான் என்றிருந்தேன்.
"கொக்கி தாங்கியதா?"
அறைந்திருப்பேன், கை எட்டவில்லை.

எட்டு வாரம் கட்டிலில் கிடந்தேன்.
அவன் பட்டறையில் இரவு விளக்கு அணையவில்லை என்றார்கள்.
வீம்பு என்றேன்.

வெளியே வந்த முதல் நாள்
கைத்தடியோடு மைதானம் போனேன்.
முளைக்கும் வாருக்கும் நடுவே
பழைய வண்டி இருக்கையின் சுருள்கம்பி ஒன்று
புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது.
நல்ல காலால் உதைத்தேன்.
இரண்டு அங்குலம் கொடுத்தது,
பிறகு தன் இடத்துக்கே திரும்பி
ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு தடவை உதைத்தேன்,
திருடனுக்கு இவ்வளவு மரியாதையா என்ற எரிச்சலில்.

ஏனோஸ் வேலியோரம் நின்றிருந்தான்.
இந்தத் தடவை அவன் பையைப் பார்க்கவில்லை.
என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
வெகுநேரம்.
பிறகு பையில் கைவிட்டுப்
பென்சிலைத் தேடினான்.
அது அவன் காதில்தான் இருந்தது.
நான் சொல்லவில்லை.