முதுகுப் பக்கம்

ஆறு மணியிலிருந்து பாலத்தின் நடுவில்,
கைப்பிடிச் சுவருக்கு முதுகு கொடுத்து நிற்கிறேன்.
கையில் சிவப்பாய் ஒளிரும் கோல்,
வாயில் ஒரே வாக்கியம்:
"நிற்காதீர்கள். தயவுசெய்து நடந்துகொண்டே பாருங்கள்."
யோதோ ஆற்றின் மேல் இன்றிரவு
நிற்க அனுமதி உள்ளவன் நான்.
பார்க்க அனுமதி இல்லாதவனும்.

மேற்சட்டைக்குள் இரண்டு சின்ன விசிறிகள் சுழல்கின்றன.
ஊதிப் புடைத்த தவளைபோல் இருக்கிறேனாம்,
ஒரு பையன் தன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போனான்.
அவன் நாக்கு பச்சை, ஐஸ் துருவலின் பச்சை.
உள்ளே சுழல்வதும் வெந்நீர்க் காற்றுதான் என்று
தவளை எப்படிச் சொல்லும்?

ஏழரைக்கு முதல் வெடி.
நான் கண்டது முகங்களை.
கடந்துகொண்டிருந்த அத்தனையும் ஒன்றாய்ச் சிவந்தன.
மூக்குக்கண்ணாடிகளில் குட்டி குட்டியாய்ப் பூத்து
இமைக்குமுன் உதிர்ந்தது.
அதன் பிறகுதான் சத்தம்
முதுகில் வந்து அறைந்தது,
என்னைக் கதவென்று நினைத்ததுபோல்.

கூட்டம் நகர்கிறது.
நகர்கிறது என்றால், பசை நகர்வதுபோல்.
மரச்செருப்புகள் தாரைக் கொறிக்கின்றன.
யுகாட்டாக் கச்சையில் விசிறி செருகிய பெண்கள்,
அலுவலகச் சட்டையோடே வந்துவிட்டவர்கள்,
தலைக்கு மேல் நீந்தும் கைப்பேசிகள்,
சுட்ட கணவாய் வாசம், யாருடையதோ கொசுத் தைலம்.
மறுமுனையிலிருந்து உசாமி வயர்லெஸ்ஸில் கத்துகிறான்:
"வேகம் குறையுது மொமோசே, தள்ளு, தள்ளு!"
எதைத் தள்ள?
ஒவ்வொருவரும் அரை அடி குறைத்து வைக்கிறார்கள்.
குற்றம் அவ்வளவுதான்.

அவளுக்கு ஐம்பது இருக்கலாம்.
சாம்பல் நிற யுகாட்டா, கையில் பாதி குடித்த பார்லித் தேநீர்.
வடகரைக்குப் போனவள் தென்கரைக்குத் திரும்பினாள்,
மறுபடி வடக்கே.
சட்டப்படி நடந்துகொண்டே பார்க்கிறாள்.
இரண்டாம் முறை கடக்கையில்
யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்:
"பொன் நிறம். கொண்டை அவிழ்ந்து சரிகிறமாதிரி."

என்னிடம்தான் என்று புரிய
அடுத்த இரண்டு வெடிகள் ஆயின.

மூன்றாம் முறை: "ஊதா. நல்லாயில்லை."
நான்காம் முறை: "பூனை முகம் போடப் பார்த்தார்கள்.
தலைகீழாய் வந்துவிட்டது."
சிரிப்பை அடக்கி என் வாக்கியத்தைச் சொன்னேன்.
"நிற்காதீர்கள்."
"நிற்கவேயில்லையே," என்றாள், போய்க்கொண்டே.

ஐந்தாம் முறை பேச்சில்லை.
இவ்வளவு பெரியது என்று இரு கைகளையும் விரித்தாள்.
பின்னால் வந்தவரின் தொப்பி விழுந்தது.
குனிந்து, எடுத்து, மன்னிப்புக் கேட்டு,
கூட்டம் அவளை எடுத்துக்கொண்டது.

கடைசி ஐந்து நிமிடம்
இடைவெளியில்லாமல் வெடித்தார்கள்.
இரவு வெளுத்துப் போயிற்று.
அப்போது என் நிழலைப் பார்த்தேன்:
ஊதிய வயிறும் உயர்த்திய கோலுமாய்
நூறு பேர் மார்பின்மேல் விழுந்து கிடந்தது.
யாரும் உதறவில்லை.
அந்த நூறில் சாம்பல் நிறத்தைத் தேடினேன்.
அந்த வெளிச்சத்தில் எல்லாருமே சாம்பல் நிறம்.

முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன்.
புகை.
தாழ்ந்து, மெதுவாய், கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது,
அதையும் யாரோ கோல் ஆட்டி அனுப்புவதுபோல்.
கரையில் நீலத் தார்ப்பாய்களை உதறும் ஓசை.
ரயில் நிலையத்துக்கு ஒன்றரை மணி நேர வரிசை.

வயர்லெஸ் கரகரத்தது.
"எப்படி இருந்தது? நீதானே நடுவில் நின்றாய்?"
"பூனை தலைகீழ்," என்றேன்.
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு உசாமி:
"எந்தப் பூனை?"