முட்டைக் கணக்கு

தானியக் கிடங்குக்காரர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும்
இனாமாகக் கொடுக்கிற காலண்டர்.
படத்தில் எப்போதும் யாரோ ஒருவருடைய சிவப்பு டிராக்டர்.
அம்மா படத்தைப் பார்த்ததில்லை.
அவளுக்கு வேண்டியிருந்தது கட்டங்கள்.

எழுபத்திரண்டு வருஷம்; எலி தின்றது போக அறுபத்தெட்டு,
தையல் மெஷினுக்குப் பின்னால், சணலில் கட்டி.
அடக்கம் முடிந்த மூன்றாம் நாள்
வெர்னா பீங்கான்களைப் பொதிந்துகொண்டிருந்தாள்,
டெல்மர் கொட்டகையில் எதையோ தேடுவதாகச் சொல்லி அழுதுகொண்டிருந்தான்,
நான் தரையில் உட்கார்ந்து
அம்மாவின் பென்சிலைப் படித்தேன்.

வடகாற்று. துவைத்தது கயிற்றிலேயே உறைந்தது. முட்டை 26.
ஆலங்கட்டி. கோதுமை போயிற்று. முட்டை 33.
ரெய்ன்ஹோல்டுக்கு விரல், ஒன்பது தையல். முட்டை 29.

நான் பிறந்த நாளைத் தேடினேன், வெட்கமில்லாமல்.
பெண். காலை நாலரை. பனி நின்றது.
முட்டை இல்லை!
எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று நினைத்தேன்.
அடுத்த கட்டத்தில் இருந்தது:
முட்டை 51, இரண்டு நாளுக்கும் சேர்த்து.

ஆர்லோ இருந்தது பதினோரு நாள்.
பன்னிரண்டாவது கட்டத்தில் எழுத்தே கிடையாது.
பென்சில் முனை மட்டும் ஓரிடத்தில் ஊன்றி
வெகுநேரம் நின்றிருக்கிறது.
தாளைத் திருப்பித் தடவினால்
பின்பக்கம் ஒரு பரு.

புதுப் பாதிரியார், வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவர்,
பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னார்:
"ஒட்டிலியா இந்த மண்ணைவிட்டு
ஒரு நாளும் போக நினைத்ததில்லை."
எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அறுபத்து மூன்று, அக்டோபர், ஒரு செவ்வாய்:
பிஸ்மார்க், ஆற்றுப் பாலம் வரை. திரும்பினேன். முட்டை 38.

எனக்கு ஆறு வயது அப்போது.
அந்த நாள் ஞாபகம் இருக்கிறது, அதற்குள் அம்மா இல்லை.
பல் வைத்தியரிடம் போயிருக்கிறாள் என்றார்கள்.
ராத்திரிக்கு அப்பா பான்கேக் சுட்டார்,
ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மாவு.
இருட்டிய பிறகு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல்
அடுப்பைத் துடைத்தாள்.
எந்தப் பல் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கட்டத்தில்:
டாங்க் நிரம்பியிருக்கிறது. நான் நிரப்பவில்லை.
அதற்கு மேல் ஒன்றுமில்லை. காற்று, முட்டை.
அப்படியே அறுபது வருஷம்.
கோழிகளை விற்ற பிறகும் விடவில்லை,
கடைசிக் கட்டம்வரை
முட்டை 0, முட்டை 0.

காலண்டரை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன்.
தொண்ணூற்று நாலு வயது, இடது காது மட்டும் கேட்கும்.
அந்த வரியை இரண்டு தடவை கத்திப் படித்தேன்.
நடைவழியில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும்" என்றார்.
"மைல் கணக்கைப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு ஏறியிருந்தது."

கேட்டீர்களா அவளிடம்?

"என்னத்தைக் கேட்க?"
விரலில் அந்தப் பழைய தையலைத் தடவிக்கொண்டே இருந்தார்.
"அன்று ராத்திரியே பீப்பாயிலிருந்து பெட்ரோல் பிடித்து ஊற்றினேன்.
அடுத்த தடவை போனால்
பாதி வழியில் நின்றுபோகக் கூடாதில்லையா."

பிறகு பழச்சாறு கேட்டார். பிடித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை ராத்திரிகளில், எந்தக் குளிரிலும்,
பீப்பாயின் கைப்பம்ப் முனகுகிற சத்தம் கேட்கும் எங்கள் படுக்கைக்கு.
அவளுடைய காரில் விளிம்புவரை ஊற்றிவிட்டு
பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வருவார்.
காலையில் தேவாலயத்துக்குப் போகத்தான் என்று
ஐந்து பிள்ளைகளில் மிஞ்சிய நாலு பேரும் நினைத்திருந்தோம்.

தேவாலயம் நாலு மைல்.