எழுவாய்

சர்தீனியாவின் மேற்குக் கரை. மார்ச்.
உப்பளத்தைச் சுரண்டி வரும் காற்று
ஆயரில்லச் சன்னலில் வெள்ளையாய் அப்புகிறது.
மேசைமேல் கடிதம், நான்காவது திருத்தம்:
“சில தவறுகள் நிகழ்ந்துவிட்டன.
சிலர் புண்பட்டிருக்கக்கூடும்.”
ரோமிலிருந்து வந்த வழக்கறிஞர் தாங்க்ரேதி
பேனா மூடியைத் திறந்து நீட்டுகிறார்.
கெட்டவர் அல்ல. மகளுக்குப் பல்வலி,
ஐந்து மணி விமானத்தைப் பிடிக்க வேண்டும்.

தோன்றா எழுவாய் என்று ஒரு வசதி உண்டு மொழியில்.
செய்தவன் திரைக்குப் பின்னால் நிற்கலாம்,
நூற்றாண்டுக்கணக்கில்,
செங்கோலோடும் மோதிரத்தோடும்.

“புனிதையின் பெட்டியை மூடப்போகிறார்கள்,
பார்த்துவிட்டு வருகிறேன்” என்று
ஆயர் கவீனோ படியிறங்கினார்.
சாக்குதான்.

நிலவறையில் எலும்பாய்வாளர் கிராசியெத்தா
கையுறையில் ஒரு தோளெலும்பை ஏந்திச் சொன்னாள்:
“அரசகுலக் கன்னி என்று பீடத்தில் எழுதிவைத்திருக்கிறீர்கள்.
இது சுமைகாரியின் தோள், ஆண்டவரே.
மூட்டை தூக்கித் தூக்கித் தேய்ந்தது.”
கல்லறைப் பலகையில் பெயர் இல்லை.
நீ எழுவாய் என்று மட்டும், கோணலாக.

அவளைப் பற்றி ஊரில் மிஞ்சியது ஒரே கதை.
திருநூல்களை ஒளித்தது யார் என்று ஆளுநன் கேட்டான்.
கூட்டம் பெரியது. யாரும் அவளைக் காட்டவில்லை.
சும்மா இருந்திருந்தால்
மாலை கஞ்சிக்கு வீடு போயிருப்பாள்.
“நான்” என்றாள்.

முப்பத்தெட்டு வருடம் முன்பு
இளம் செயலராக, இதே கட்டடத்தில்,
கவீனோ ஒரு குருவின் மாற்றல் ஆணையைத் தட்டச்சு செய்தார்.
மூன்று வரி. காரணம் கேட்கவில்லை.
காரணம் அவருக்குத் தெரியும்.
அடுத்த பங்கில் பொனாரியாவுக்கு ஒன்பது வயது.
பதினொரு கடிதம் எழுதிவிட்டாள்;
ஒன்றிலும் பணம் கேட்கவில்லை.
“அவனை எங்களிடம் அனுப்பியது யார்?”

மேலே வந்தவர் பேனாவை வாங்கவில்லை.
புதுத் தாள் எடுத்தார்.
“சட்டப்படி இது...” என்று தொடங்கிய தாங்க்ரேதி
ஏனோ கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.
கீழே ஆணி அடிக்கும் சத்தம்.

நான்,
என்று எழுதினார் ஆயர்.
கை அங்கேயே நின்றது.
எழுவாய் வந்துவிட்டது.
பயனிலைக்கு வியர்க்கிறது எழுபது வயது உடம்பு.

சன்னலோரம் திரும்பி, தாழ்ந்த குரலில்,
வழக்கறிஞர் வீட்டுக்குப் பேசுகிறார்:
“இன்று வர முடியாது, கண்ணு.
கிராம்பு வைத்துக் கடித்துக்கொள்.”