திரும்பி வந்த காய்ச்சல்

ஜூலை, புந்தா அரேனாஸில் நடுக்குளிர்.
பத்து மணிக்கு எழுந்து
ஐந்தரைக்கெல்லாம் படுத்துவிடும் சூரியன்.
நண்டு ஆலையில் எலாடியோவின் வரிசையில்
அந்த வாரம் மூன்று மேலங்கிகள்
ஆணியிலேயே தொங்கின.

வெறும் சளி என்றான்.
சளி எனக்குத் தெரியும்.
மூக்கில் ஒருநாள், தொண்டையில் ஒருநாள் என்று
கடன்காரனைப் போல மெல்ல வரும்.
இது அப்படி வரவில்லை.
மதியம் நண்டுக்கால் உடைத்துக்கொண்டிருந்தவனை
மாலையில் பேருந்துப் படியில் உட்காரவைத்தது.
மூட்டுக்கு மூட்டு வலி.
கண்ணை உருட்டினால் கண்ணுக்குப் பின்னால் வலி.
முப்பத்தொன்பது புள்ளி நான்கு.

ஊசி வண்டி ஏப்ரலிலேயே ஆலை வாசலுக்கு வந்தது.
எட்டுமாத வயிற்றோடு நான் கை நீட்டினேன்.
அவன் வரிசையின் நீளத்தைப் பார்த்தான்,
"போன வருஷம் போட்டேனே" என்றான்.
இந்தக் கிருமி வருஷா வருஷம்
சட்டை மாற்றிக்கொள்ளும் என்று
தாதி சொன்னபோது
அவன் சிகரெட் பிடிக்கப் போயிருந்தான்.

மைத்தேவுக்கு ஒன்பது வாரம்.
ஆறு மாதம் ஆகாமல் அவளுக்கு ஊசி கிடையாது.
வயிற்றில் இருந்தபோது என் ரத்தத்திலிருந்து
அவள் எடுத்துக்கொண்டதுதான் கையிருப்பு.

வீட்டை இரண்டாகப் பிரித்தேன்.
பின்னறை அவனுக்கு:
ஒரு கோப்பை, ஒரு துண்டு, மூடியிட்ட ஒரு வாளி.
ஜன்னலை விரலளவு திறந்துவைத்தேன்.
நீரிணைக் காற்று ஊசியாய் நுழைந்தது.
"குளிரில் கொல்லப் பார்க்கிறாயா, டானிட்சா?"
கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்,
"போர்த்திக்கொள்! தண்ணீர் குடி!"
முகக்கவசத்தோடு பால் கொடுத்தேன்.
என் கண்களை மட்டும் பார்த்துச் சிரிக்க
அவள் பழகிக்கொண்டாள்.
கழுவிக் கழுவி என் விரலிடுக்குகள் வெடித்தன.

மருத்துவமனைக்கு வா என்றேன்.
முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான்
கிருமிக்கான மாத்திரை நன்றாக வேலை செய்யுமாம்.
நாளைக்கு என்றான், நாளைக்கு என்றான்,
இரண்டு நாளும் போயின.
அவன் அக்கா மிர்த்தா
தன் பல்வலிக்கு வாங்கி மிஞ்சிய
ஆன்டிபயாட்டிக் பட்டையோடு வந்தாள்.
அதற்கு வைரஸின் பாஷை தெரியாது என்று
வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது.
மீன் சூப் குடித்தான். ஒழுகும் குழாயைச் சரிசெய்தான்.
"பார்த்தாயா?" என்றான்.

ஆறாம் நாள் இரவு
தொப்பியை மறந்துவிட்டுப் போன விருந்தாளி போல
காய்ச்சல் திரும்பி வந்தது.
இப்போது இருமலில் துருவின் நிறம்.
அடுப்புக் கடிகாரத்தை வைத்து எண்ணினேன்:
நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு.
உதட்டில் சிப்பி ஓட்டின் நீலம்.
குழந்தைக்காகவே
வீடு முழுக்கக் காவல் வைத்திருந்தேன்.
அவன் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

பக்கத்து வீட்டு நிபால்தோவின் வண்டி
பனிக்கட்டியில் பக்கவாட்டில் வழுக்கியபடி போனது.
ஜன்னல்கள் திறந்தே இருந்தன. யாரும் பேசவில்லை.

நிமோனியா. ஆறு நாள் ஆக்சிஜன்.
வைரஸ் உடைத்த கதவு வழியாக
பாக்டீரியா நுழைந்துவிட்டது என்றார் மருத்துவர்.
ஏற்றிய மருந்து,
மிர்த்தாவின் பட்டைக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.
"நான் அப்போதே சொன்னேனே" என்கிறாள் மிர்த்தா.
விளக்கினேன். இரண்டு முறை விளக்கினேன்.
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான்கு கிலோ குறைந்து வீட்டுக்கு வந்தவன்
வாசலிலேயே நின்றான்.
"மாத்திரை இல்லாமலே மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை" என்றான்,
எல்லையில் கடவுச்சீட்டைக் காட்டுகிறவன் மாதிரி.
சோப்பைக் காட்டினேன்.
நீண்ட நேரம் கழுவினான்,
நகங்களுக்கு அடியில், மணிக்கட்டு வரை.
பிறகு மைத்தேவை வாங்கிக்கொண்டான்.

அவள் தும்மினாள்.

இருவரும் அசையவில்லை.
கெண்டியின் கொதி மட்டும் கேட்டது.

கணப்பின் சாம்பலாக இருக்கும் என்றான்.
இருக்கும் என்றேன்,
தெர்மாமீட்டரை எடுக்கப் போனபடியே.