எட்டாம் நாள்: ஆறாயிரத்து நானூறு

பெட்டி சிங்கப்பூரில் நிற்கிறது. நான் கண்டதில்லை.
கல்லடியில், மருந்துக்கடைக்கு மேல் அறையில் இருந்து
அதற்கு உறுப்புகள் தெரிவு செய்தேன்.
முப்பத்திரண்டு கோர் வேணுமென்று
மூன்று நாள் நின்றான் ஹஸ்மத்.
கடிதம் அனுப்ப மூளை எதுக்கடா?
எழுதிவைத்து, அனுப்பி, அழித்து, மறுபடி எழுதித்
தேய்வது டிஸ்க்தான்.
வேகமான டிஸ்க் இரண்டு எடுத்தோம்,
ஒன்று செத்தாலும் வரிசை சாகாதபடி.

பிறகு பெயர்.
எண்ணைக் கேட்டால் பெயர் சொல்லவேண்டும்.
பெயரைக் கேட்டால் அதே எண்.
சொல் மாறினால் உள்ளே விடமாட்டார்கள்.
பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி
அம்மா அடையாள அட்டை நீட்டிய வரிசையில்
இதை முன்னமே படித்திருக்கிறேன்.

எண்ணுக்கும் பழசு உண்டு.
எங்களுக்கு முதல் அதில் இருந்தவன்
போலி மாத்திரை விற்றிருக்கிறான்.
அவனுக்காக நாலு கறுப்புப் பட்டியலுக்கு
மன்னிப்பு எழுதினேன்.

புதியவனை யாரும் உடனே நம்புவதில்லை.
முதல் நாள் ஐம்பது கடிதம், அடுத்த நாள் நூறு,
இப்படியே இரட்டித்துப் பதினோராம் நாள்தான்
ஐம்பத்தோராயிரம் பேருக்கும்.

எட்டாம் நாள் விடிய உன்னிச்சைக் கதவு திறந்தது.
வவுணதீவில் முழங்கால். மத்தியானம் இடுப்பு.
நிவாரணச் சங்கத்து யோகநாயகி போனில் சொன்னா:
"எல்லாருக்கும் இண்டைக்கே போகோணும்."

டிஸ்க் செய்யும். அரை மணித்தியாலம் போதும் அதுக்கு.
வாங்குகிறவன் விடமாட்டான்.
மொத்தமாய்த் தள்ளினால் மொத்தமும் குப்பைக்கூடை.

போன வெள்ளத்துக்குக் காசு அனுப்பியவர்கள்
இரண்டாயிரத்து நூற்றிப் பதினாறு பேர்.
கடிதத்தைத் திறந்தாவது பார்த்தவர்கள், மூவாயிரம் சொச்சம்.
மிச்சத்துக்கு, வவுணதீவுக்காரரைப் போடு என்றான் ஹஸ்மத்.
பட்டியலில் ஊருக்குக் கட்டம் இல்லை.
தெரிந்த பெயர்களைக் கையால் பொறுக்கினோம்.

இரவு ஏழரைக்கு வரிசை ஓடத் தொடங்கியது.
சேர்வரில் சுமை மூன்று வீதம்.
மெமரி தூங்குகிறது.
அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வாசகம்:
இப்போது முடியாது, பிறகு வா.
பதினைந்து நிமிடம் பொறுத்துத் தட்டு என்று
நான்தான் எழுதிவைத்தேன்.
தட்டியது.

கீழே கடைக்காரர் ஷட்டரை இறக்கவில்லை.
ஜீவனிப் பைக்கற்றுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் சத்தம்
படிவழியே ஏறி வந்தது.

ஒன்பதேகாலுக்கு முதல் பதில்.
கையால் பொறுக்கிய பெயர்களில் ஒன்று.
காசைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"பள்ளிக்கூடத்துக்குப் பின்னுக்கு, நீல கேட் வீடு.
அங்கயும் தண்ணியா?"